கழற்றச் சொன்னவன்

சிமலோயின் கணவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவன் என் கணவன் லெகிஷோனின் தம்பி. மொம்பாசாவுக்குத் தெற்கே கடற்கரையில் கை காலெல்லாம் நன்றாக இருந்து நடமாடுகிறான். மாட்டு மடியில் வளர்ந்தவன் இப்போது மூன்று வேளையும் மீன் தின்கிறானாம். ஆனாலும் எங்கள் பட்டியில் அவனுக்காகத் துக்கம் காத்தோம். செத்தவர் பெயரை மாசாய்க்காரர்கள் நாங்கள் வாயில் எடுப்பதில்லை, அதனால் நானும் எடுக்கமாட்டேன். சந்தையில் சிமலோயைப் பற்றி, புருஷனைச் சாகச் சொல்லிச் சபித்தவள் என்று பேசுகிறார்கள். வாய் வலிக்கும்வரை பேசட்டும். நடந்தபோது நான் பக்கத்தில் நின்றவள், அதில் என் கையும் உண்டு.

எல்லாம் ஒரு ஜோடிப் பித்தளைச் சுருளில் தொடங்கியது. கல்யாணத்தன்று மாமியார் காதில் மாட்டிவிடுவது. கம்பியை வளைத்து வளைத்துத் தட்டையாக்கிய வட்டங்கள், மணி கோத்த தோல்வாரில் தொங்கும். கழுத்து மணிகளை நாங்கள் இஷ்டப்படி போடுவோம், கழற்றுவோம், தங்கைக்குக் கொடுப்போம். வெள்ளை என்றால் பால், சிவப்பு ரத்தம், நீலம் மழை தரும் வானம், பச்சை அதற்குப் பிறகு வரும் புல். சுருளின் சங்கதி வேறு. தொங்குவது பெண்ணின் காதில் என்றாலும் அது காவல் காப்பது அவள் கணவனின் உயிரை. சிங்கமும் பாம்பும் எதிரியின் ஈட்டியும், இந்தக் காலத்தில் நெடுஞ்சாலை லாரியும், அது இருக்கும்வரை அவனை நெருங்காது. தூங்கும்போதும் கழற்றமாட்டோம். தோல்வார் இற்றுப்போனால், ஒரு காதில் சுருளை விட்டுவைத்துக்கொண்டுதான் மறு காதின் வாரை மாற்றுவோம், அதையும் கணவன் கண்ணில் படாமல் செய்வோம். இரண்டையும் சேர்த்துக் கழற்றுவது அவன் செத்த அன்று மட்டும்தான்.

ஒரு முறை சிமலோயின் வலது காது சீழ் பிடித்து ஆறு நாள் வீங்கிக் கிடந்தது. மருந்துக்கடை நர்ஸ் அதைக் கழற்று, ஒரு வாரம் காது ஆறட்டும் என்று கெஞ்சாத குறை. அப்போது அவன் நைரோபியில் காவல்காரன். "அவரு ராத்திரியெல்லாம் வில்லோட தனியா நிக்கறவரு, இப்பப் போய் கழட்டச் சொல்றீங்களே" என்று இவள் நர்ஸைத் திட்டிவிட்டு வந்தாள். காய்ச்சலில் பல் கிட்டித்துப்போய் என் மடியில்தான் படுத்திருந்தாள். மடல் ஓரத்தில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

அந்தக் காவல் வேலையை விட்டுவிட்டு அவன் கடற்கரைக்குப் போனான். சிவப்புப் போர்வையைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்களுக்கு மணி விற்கிற வேலை. இந்த மணி போட்டால் காதல் கைகூடும், அந்த மணி போட்டால் விமானம் விழாது என்று, எங்களுக்கே தெரியாத அர்த்தங்களை எல்லாம் சொல்லி விற்பானாம். ஊரிலிருந்து போய்வந்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிமலோயும் சிரித்தாள். மூன்று வருடம் அவன் வரவில்லை. அதற்குள் அவள் வீட்டுக் காளைகள் இரண்டை என் கணவனிடம் சொல்லி விற்கவைத்தான்.

அவள் வீட்டு மாடு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். கல்யாணமானதும் கணவன் தன் மந்தையில் கொஞ்சம் பிரித்து மனைவியின் வீட்டுக்கு விடுவான். அவள் கறப்பாள், அவள் பிள்ளைகள் குடிக்கும், பின்னாளில் அவள் மகனுக்குச் சேரும். ஆனால் கணவன் உயிரோடு இருக்கும்வரை அவன் விற்றால் அவளால் தடுக்க முடியாது. அவன் செத்துவிட்டால் யாராலும் தொட முடியாது. சிமலோய்க்கு லெமாரோன் என்று ஒரு மகன், கீழே இரண்டு பெண்கள். வறட்சியில் எல்லார் மந்தையும் பாதியாகிவிட்டபோது, கிளையை ஒடித்துப் போட்டு, ஆறு மைல் தள்ளித் தண்ணீர் காட்டி அவள் காப்பாற்றி வைத்திருந்தது பதினொரு மாடுகள்.

ஒரு சாயங்காலம் என் கணவனின் போனுக்கு அவன் குரலில் ஒரு சேதி வந்தது. என் கணவனுக்குச் சத்தமாக வைத்துக் கேட்டுத்தான் பழக்கம். பால் கறந்துகொண்டிருந்த நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அண்ணே, இங்க ஒரு வெள்ளைக்காரம்மா தேசம் தேசமா நகை சேக்கறாங்க. சிமலோய் காதுல இருக்கற பித்தளையக் கழட்டி வாங்கி பஸ்ல அனுப்பு. புதுசு வேணாமாம். போட்டுப் போட்டுப் பழசானதுதான் வேணுமாம், கொழுப்பு வாடையோட. அப்புறம் அவ வீட்டு மாடு பதினொண்ணையும் லாரில ஏத்திரு. காஞ்சு சாகறதுக்குள்ள வித்துடலாம். நான் இங்க ஒரு மனை பாத்து வச்சிருக்கேன்."

சிமலோய் கறப்பதை நிறுத்தவில்லை. கறந்து முடித்து, குடுவையை மூடி வைத்துவிட்டு வந்து, இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு என் கணவனிடம் கேட்டாள்.

"மாமா, கழட்டச் சொல்றது அவரேதானா?"

"வேற யாரு? அவன் குரல் உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்தானே? அக்கா, உங்களுக்கும்தானே?"

தெரியும் என்று இரண்டு பேரும் சொன்னோம். அவள் சாட்சி சேர்க்கிறாள் என்பது என் மண்டைக்கு அப்போது எட்டவில்லை.

மறுநாள் காலை மாடுகளை வெளியே விடும் நேரம். பட்டியின் நடுவில், எல்லோரும் பார்க்க, சிமலோய் வலது காதுச் சுருளைக் கழற்றினாள். இடது காதில் கை வைத்தபோது பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். சிமலோய் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு அதையும் கழற்றினாள். இரண்டையும் என் கணவன் கையில் வைத்தாள். அதன் பிறகுதான் குரலெடுத்து அழுதாள். கணவன் செத்த வீட்டில் அழுகிற அதே அழுகை, சாணத்தில் உட்கார்ந்து. என் கணவன் நெருப்பைத் தொட்டவன் மாதிரி சுருள்களைக் கீழே போட்டான். பிறகு வெள்ளைக்காரம்மா ஞாபகம் வந்திருக்க வேண்டும், குனிந்து பொறுக்கித் துடைத்துக்கொண்டான்.

அவள் கழுத்து மணி, கை வளை, கால் வளை எல்லாவற்றையும் கழற்றி வைத்தாள். மகன் தலையை மழிக்க வேண்டும் என்றாள். தன் தலையையும். "அக்கா, பிளேடு எடுத்துட்டு வாங்க" என்று என்னைக் கூப்பிட்டாள்.

என் கணவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பொய்யாக ஒருவனுக்குத் துக்கம் காத்தால் பாவம் யாரைச் சேரும் என்று பயமாக இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் கோபமும் இருந்தது. ஆறு நாள் என் மடியில் அனத்திக்கொண்டு கிடந்த தலை அது. அந்தக் காதில் இருந்ததை அவன் பஸ்ஸில் அனுப்பச் சொல்கிறான். நான் உள்ளே போய் பிளேடு கொண்டுவந்தேன், நானே மழித்தேன்.

இத்தனைக்குப் பிறகும் என் கணவன் அன்றைக்கே சுருள்களைப் பொட்டலம் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான். மூன்றாம் நாள் மாடு ஏற்ற லாரியும் வந்துவிட்டது. பெண்பிள்ளை கூத்து, நாலு நாளில் அடங்கிவிடும் என்று நினைத்தானோ என்னவோ. லாரி வருகிற புழுதியைப் பார்த்ததும் சிமலோய் பெரியவர்களைக் கூப்பிட ஓடினாள். நான் வாசல் முள்கிளையை இழுத்துப் பட்டியை அடைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். "எந்திரிடி" என்றான் என் கணவன். முள் குத்திவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை என்றேன். பொய் ஒன்றுமில்லை, குத்தித்தான் இருந்தது.

பெரியவர்கள் ஐந்து பேர் வேலமரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தலைமை மெபுகோரி, பேச ஆரம்பித்தால் மாடு வீடு திரும்பும்வரை பேசக்கூடியவர். அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"லெமாரோன் அம்மா, உன் புருஷன் உசுரோட இருக்கான். எதுக்கு இந்த வேஷம்?"

"அய்யா, சுருளை ஒரு பொம்பள எப்பக் கழட்டுவா?"

"புருஷன் போயிட்டா."

"வேற எப்பவாவது?"

"வேற எப்பவும் இல்ல."

"என்னைக் கழட்டச் சொல்லி அவரு வாயாலயே சேதி வந்துச்சு. இவங்க எல்லாரும் கேட்டாங்க. அது என்ன சேதின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். புருஷன் பேச்சைத் தட்டக்கூடாதுன்னுதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

ஐந்து பேரில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். என் கணவன் முன்னால் வந்து, தம்பி அதை விற்கத்தான் கேட்டான், சாவதற்கா கேட்டான் என்றான். சிமலோய் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"தன் உசுருக்குக் காவலா இருந்ததையே வித்துட்டவரை நான் இருக்காருன்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா? நீங்களே சொல்லுங்க அய்யா. இருக்காருன்னா மாட்டை ஏத்துங்க, நான் தடுக்கல. இல்லன்னா அது லெமாரோனோடது."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். என் கணவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கச் சத்தமாக வைத்தான். கடல் இரைச்சல் கேட்டது, பின்னால் ஏதோ பாட்டு. பிறகு அவன் குரல் வந்தது.

"என்னண்ணே, மாடு ஏத்தியாச்சா?"

சிமலோய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "பிள்ளைங்களை உள்ள கூட்டிட்டுப் போங்க. செத்தவரு மாடு கேக்கறாரு" என்றாள். பெண்கள் நிஜமாகவே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கிழவர்களில் ஒருவர் கெட்டது அண்டாமல் இருக்கத் தன் நெஞ்சில் துப்பிக்கொண்டு முக்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்.

மெபுகோரி போனை வாங்கினார். மனைவி காதில் இருந்ததை நீ கேட்டது உண்மையா என்று கேட்டார். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமாங்கய்யா. பழைய பித்தளைதானே, புதுசா வாங்கிக் குடுத்தாப் போச்சு" என்றான்.

மெபுகோரி வீட்டில் மூன்று மனைவிகள் அந்தப் பழைய பித்தளையைக் காதில் சுமக்கிறார்கள். தள்ளாத வயதில் அவர் இன்னும் நடமாடுவதே அதனால்தான் என்று அவர் நம்புகிறார். போனை எப்படி அணைப்பது என்று தெரியாமல் அதைப் புல்லில் கவிழ்த்து வைத்தார். அது பேசிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து கோலை ஊன்றிச் சொன்னார்.

"செத்தவன்னா மாடு பையனோடது. இருக்கறவன்னா இங்க வந்து, நம்ம முன்னாடி, தன் கையால அவ காதுல சுருளை மாட்டட்டும். அது வரைக்கும் இந்த வாசல விட்டு ஒரு வால் வெளிய போகக்கூடாது."

லாரி காலியாகத் திரும்பியது. நான் முள்ளிலிருந்து எழுந்தேன்.

அடுத்த மூன்று வாரம் வேடிக்கையானது. அவன் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. செத்தவனா இருப்பவனா என்று தீராதவன் பெயரைச் சொல்லி யார் வம்பில் மாட்டுவது. என் கணவனே, "அதான், அந்தக் கடற்கரைக்காரன்" என்று சொல்ல ஆரம்பித்தான். நான் உள்ளுக்குள் சிரித்தேன், அவனுக்குத் தெரியும்படியும் சிரித்தேன்.

சிமலோய் சிரிக்கவில்லை. ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போன வழியில், யாரும் இல்லாத இடத்தில், கேனை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். இங்கே யாருக்காக அழுகிறாய், பெரியவர்களா பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

"நான் நடிக்கல அக்கா. பாம்பு கடிச்சிடக்கூடாது, லாரி இடிச்சிடக்கூடாதுன்னு பதிமூணு வருஷம் ஒரு ஆளை என் காதுல வச்சுக் காப்பாத்தினேன். எனக்கு நெசமாவே ஒருத்தரு செத்துட்டாரு."

அவள் கேனை எடுத்து நான் தூக்கிக்கொண்டேன்.

கடைசியில் அவன் வந்தான். நடுப்பகலில், வாடகை மோட்டார் சைக்கிளில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. கழுத்தில் நீலக் கண்ணாடிக் கண் ஒன்று தொங்கியது. கண்ணேறு படாமல் இருக்க எங்கோ ஒரு கடலோர தேசத்தார் போடுவதாம். விரலில் பச்சைக் கல் மோதிரம், பயணத்தில் காப்பாற்றுமாம். எல்லாம் வெள்ளைக்காரம்மா கொடுத்தது, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னான். ஊரார் தாயத்தை எல்லாம் மேலே மாட்டிக்கொண்டு தன்னுடையதை விற்றுவிட்டு வந்து நிற்கிறான் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பழைய சுருள்கள் எங்கே என்று மெபுகோரி கேட்டார். அவன் போனில் ஒரு படம் காட்டினான். கண்ணாடிப் பெட்டி, வெள்ளைத் துணி, மேலே விளக்கு, நடுவில் சிமலோயின் சுருள்கள். கீழே ஒரு அட்டையில் எதுவோ எழுதியிருந்தது. திருமணமான மாசாய்ப் பெண் ஒருநாளும் கழற்றாத நகை என்று அதில் இருப்பதாக அவனே பெருமையாகப் படித்துச் சொன்னான். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாட்டுவதற்கு ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தான். பிளாஸ்டிக் உறையில், தங்க நிறத்தில், காகிதம் போல லேசாக. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே அவள் என்று கேட்டான். என் கணவன் முகம் மலர்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மறுபடி லாரிக்குச் சொல்லிவிடலாம் என்று அவன் மனம் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

சிமலோய் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். தலையில் முடி ஒரு நகத்தளவு முளைத்திருந்தது. துளையிட்டு நீட்டிய வெறும் காது மடல்கள் இரண்டையும் மேலே தூக்கிக் காதின்மேல் மாட்டியிருந்தாள், தொங்கவிடுவதற்கு இடமே இல்லாமல். கையில் பால் குடுவை.

எங்கள் வீடுகளில் கணவனுக்கென்று ஒரு குடுவை உண்டு, அதில் வேறு யாரும் வாய் வைக்கமாட்டார்கள். வருகிறவர்களுக்கு வேறு குடுவை, கழுத்தில் மணி சுற்றாதது, அதில் குடித்தவன் அந்த வீட்டுக்கு விருந்தாளி. அவள் கொண்டுவந்தது அது. பெண்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம். பெரியவர்களும் பார்த்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவனுக்கு மட்டும்தான் தெரியவில்லை, அல்லது மூன்று வருடத்தில் மறந்துவிட்டது.

"வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல பாலைக் குடிங்க. எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. வழிப்போக்கரிடம் கேட்பது போல மரியாதையாகத்தான் கேட்டாள். அவன் சிரித்தான். இன்னும் கோபம் போகவில்லை போலிருக்கிறது என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே குடுவைக்குக் கை நீட்டினான்.

என் கணவனுக்குப் புரிந்துவிட்டது. தம்பியை எச்சரிக்க வாயைத் திறந்தான். நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். அவனையே பார்த்துக்கொண்டு, என் வலது காதுச் சுருளின்மேல் கையை வைத்தேன். தோல்வாரின் முடிச்சை விரலால் லேசாக நெருடினேன். அவ்வளவுதான் செய்தேன். பதினெட்டு வருடத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

தம்பி குடித்தான். வெயிலில் வந்தவன், ஒரே மூச்சில் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நம்ம வீட்டுப் பால் நம்ம வீட்டுப் பால்தான் என்றான். எல்லோர் கண்ணும் மணி சுற்றாத அந்தக் கழுத்தில் இருந்தது. அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றிக் குடுவையைப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மெபுகோரி எழுந்து முக்காலியை எடுத்துக்கொண்டார்.

"விருந்தாளி பால் குடிச்சாச்சு. வெயில் தாழ்ந்ததும் கிளம்பட்டும்."

"நான் விருந்தாளி இல்லய்யா" என்றான் அவன். தன் பெயரைச் சொன்னான். அப்பா பெயரையும் சேர்த்து, பட்டி முழுவதும் கேட்கும்படி உரக்கச் சொன்னான். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவன் தன் அண்ணனைப் பார்த்தான், அண்ணன் தரையைப் பார்த்தான். இன்னொரு முறை சொன்னான், இந்த முறை குரல் உடைந்திருந்தது. சிமலோய் காலிக் குடுவையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, முள்கிளையை விலக்கி, பதினொரு மாடுகளையும் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.